கல்லூரி நூலகர் சங்கத்தில் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், கணிதத்துறைக்கு எட்டுப் பேர். நூலகர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். நூலக மென்பொருளான கோஹா மக்கர் பண்ணினாலும் சரி, "இந்த ஜர்னலை ஏன் நிறுத்தினீங்க?" என்று பிரின்சிபால் கேட்டாலும் சரி, கலந்து பேசப் பக்கத்து நாற்காலியில் ஆள் கிடையாது. நூலகர்களுக்குச் சங்கம் தேவைப்படுவது இதனால்தான். சம்பளம், பதவி உயர்வுக்காகப் போராடும் சங்கங்கள் வேறு. இங்கே பேசுவது தொழில் அறிவுக்கான சங்கத்தைப் பற்றி.

1. எதில் சேர்வது?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன், சுருக்கமாக 'மாலா'. 1928-இல் தொடங்கியது. பின்னால் நின்றவர் எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகப் பணிக்கென்று இங்கே முறையான படிப்பு இல்லாத காலம் அது. 1929-இல் சங்கமே கோடைக்காலப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தது, 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் நூலகவியல் பட்டத்துக்கு இந்த ஊரில் போட்ட விதை ஒரு சங்கத்துடையது.

அகில இந்திய அளவில் இரண்டு பெயர்கள் போதும். இந்திய நூலகச் சங்கம் (ஐ.எல்.ஏ.) 1933-இல் கல்கத்தாவில் பிறந்தது. சிறப்பு நூலகங்கள், தகவல் மையங்களுக்கான இந்தியச் சங்கமான 'ஐயாஸ்லிக்' 1955-இல் அதே ஊரில் தொடங்கியது. சிறப்பு நூலகங்களுக்கென்று (ஆய்வு நிறுவனம், அலுவலகம் போன்றவற்றின் நூலகங்கள்) வந்தாலும் கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்கள் அதில் நிறையவே உண்டு.

என் கருத்து: காலையில் பஸ் ஏறி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் எந்தச் சங்கம் கூட்டம் நடத்துகிறதோ, அதில் முதலில் சேருங்கள். தேசியச் சங்கம் எங்கேயும் போய்விடாது.

2. பணம் கட்டுவதற்கு முன்

துணைவிதிகளைக் கேட்டு வாங்குங்கள். சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதா, பொதுக்குழு வருடாவருடம் கூடுகிறதா, தணிக்கை செய்த கணக்கு வைக்கிறார்களா என்று பாருங்கள். சென்ற வருட ஆண்டறிக்கையைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? அப்படியானால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

"ஆயுள் சந்தா கட்டிடுங்க, ஒரே தடவையோட முடிஞ்சுது" என்பார்கள். அவசரம் வேண்டாம். வருடச் சந்தா இருந்தால் அதைக் கட்டி ஒரு வருடம் பாருங்கள். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், யாருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கும் அல்ல. உறுப்பினர் எண் போட்ட ரசீதை ஸ்கேன் செய்து வையுங்கள்.

3. கல்லூரியில் அனுமதி

ஓ.டி. (விடுப்பு எடுக்காமல் பணி நிமித்தமாக வெளியே போகும் அனுமதி) கேட்கும் கடிதத்தில் "சங்கக் கூட்டம்" என்று மட்டும் எழுதினால் பாதி இடங்களில் நிற்காது. பயிலரங்கின் தலைப்பை எழுதுங்கள், அது நம் நூலகத்தில் எந்த வேலைக்கு உதவும் என்று ஒரு வரி சேருங்கள். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் 'நாக்' அமைப்புக்கு அறிக்கை தயாரித்த கல்லூரிக்கு 4.2 என்றால் நூலகம் என்று தெரியும். அந்த எண்ணைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும்.

4. வேலை கேட்பது

பலர் சறுக்குவது இங்கேதான். சந்தா கட்டுவார்கள், கூட்டத்துக்குப் போவார்கள், சாப்பாடு முடிந்ததும் சான்றிதழோடு கிளம்பிவிடுவார்கள். ஐந்து வருடம் ஆனாலும் அவர்கள் பெயர் செயலாளருக்குத் தெரியாது. கூட்டம் முடிந்த மறுநாளே செயலாளருக்கு இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

"வணக்கம் சார். நேற்றைய பயிலரங்கில் கலந்துகொண்டேன், புது உறுப்பினர். அடுத்த நிகழ்ச்சியில் பதிவு மேசையைப் பார்த்துக்கொள்ளத் தயார். காலை எட்டு மணிக்கே வந்துவிட முடியும்."

"ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் "சொல்றேன்ம்மா" என்று பதில் வரும், அதோடு சரி. இன்ன வேலை, இன்ன நேரம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பதிவு மேசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பையும் பேனாவும் கொடுப்பது சுலபம், சிக்கல் சான்றிதழில்தான். இனிஷியல் முன்னால் வர வேண்டியவருக்குப் பின்னால் வந்திருக்கும். 'முனைவர்' விட்டுப்போயிருக்கும். அந்தத் தாள் பதவி உயர்வுக் கோப்பில் போய் உட்காரும் என்பதால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்று பதிவுப் படிவத்திலேயே தனிக் கட்டம் வைத்துவிடுங்கள். சான்றிதழ்களை அகர வரிசையில் அடுக்கி, மாலை தேநீர் இடைவேளைக்கு முன் தயாராக வையுங்கள். இதை ஒழுங்காகச் செய்தவரைச் சங்கம் மறக்காது. போனஸாக, வந்த எல்லோர் முகமும் கல்லூரியும் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனால் சங்கத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று அதைவிட வேகமாகக் கற்றுத்தர வேறொன்றும் இல்லை.

5. கட்டுரை வாசிப்பது

'டிஜிட்டல் யுகத்தில் நூலகங்களின் பங்கு' மாதிரித் தலைப்பை மட்டும் எடுக்காதீர்கள், நூறு பேர் எழுதியாயிற்று. உங்கள் நூலகத்தில் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்னூல் தரும் இணையச் சேவை) கணக்கு வாங்கிய மாணவர்களில் எத்தனை பேர் உண்மையில் உள்ளே நுழைகிறார்கள், நுழையாதவர்கள் ஏன் நுழையவில்லை? இதை எடுத்து, எண்களோடு நான்கு பக்கம் எழுதுங்கள், அரங்கம் நிமிர்ந்து உட்காரும். பணம் கட்டினால் இரண்டே நாளில் ஏற்றுக்கொள்ளும் 'சர்வதேச' மாநாடுகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

6. குரல் கொடுப்பது

2025 ஜனவரியில், ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கியது. முப்பது பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். முதல் கட்டத்தில் பயன் அரசு நிர்வகிக்கும் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. "எங்களையும் சேருங்கள்" என்று தனியார் கல்லூரி நூலகர் தனியாக ஒரு கடிதம் எழுதினால் அது எந்த மேசையில் தூங்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருபது கல்லூரிகளின் பயன்பாட்டுக் கணக்கைத் திரட்டி, தீர்மானம் நிறைவேற்றி, சங்கத்தின் பெயரில் அனுப்புவது வேறு கதை. பொதுக்குழுவில் இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்பினால், துணைவிதியில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். 'இதர விஷயங்கள்' வரும் நேரத்தில் எழுந்து பேசினால், மதியச் சாப்பாட்டு வாசனையோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

செயற்குழுத் தேர்தலில் நிற்க இரண்டு மூன்று வருடமாவது பொறுங்கள். நிற்கும்போதும் நேரே செயலாளர் பதவிக்குப் போகாமல், செயற்குழு உறுப்பினராக ஒரு தவணை இருந்து பாருங்கள். பொருளாளராக அழைத்தால், பழைய கணக்குப் புத்தகங்களையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கையெழுத்துப் போடுங்கள்.