பாத்திரம் தேய்க்க பீர்க்கங்கூடு

பாத்திரம் தேய்க்கக் கடையில் வாங்கும் பச்சை நிற நார் பெரும்பாலும் பிளாஸ்டிக். தேயத் தேய அதன் துணுக்குகள் கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான 14 வகைப் பிளாஸ்டிக்கில் கேரி பேக் உண்டு, இந்த நார் இல்லை. நாமாகத்தான் விட வேண்டும். அதற்கு மாற்று பீர்க்கங்கூடு, அதாவது முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் உள்ளே இருக்கும் நார்.

வீட்டில் பீர்க்கங்கொடி இருந்தால் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். முற்றிப் பழுப்பாகி, கையில் எடுத்தால் கனமே இல்லாமல், ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். அதுதான் பதம். பச்சையாக இருக்கும்போது அவசரப்பட்டு உரித்தால் நார் குழைந்துவிடும், நான் முதல் தடவை செய்த தப்பு அது. காய்ந்ததைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் சுலபமாகக் கழன்று வரும். விதையை உதறி அடுத்த விதைப்புக்கு எடுத்து வையுங்கள். நாரை அலசி வெயிலில் காயவைத்து, உள்ளங்கை அளவுக்கு நறுக்கினால் வேலை முடிந்தது. வரி இல்லாத வழவழப்பான பீர்க்கு கிடைத்தால் இன்னும் நல்லது. தோல் உரிப்பது எளிது, நாரும் அடர்த்தி.

நான்-ஸ்டிக் தவாவுக்கும் கண்ணாடிக்கும் கீறல் பயம் இல்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்துக்கு மட்டும் கொஞ்சம் சாம்பலோ புளிச்சக்கையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். தேய்த்த பிறகு ஈரத்தோடு சிங்க்கில் போடாதீர்கள், நாறும். ஆணியில் மாட்டிவிடுங்கள். நைந்துபோனால் துண்டாக்கிச் செடித்தொட்டியில் புதைத்துவிடலாம்.