குறைவாக ஓடிய பழைய பிக்கப்பில் ஐடிலிங் உதறல்: எதை முதலில் பார்ப்பது?

சிக்னலில் நிற்கும்போது, அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் மட்டும், ஸ்டியரிங்கும் சீட்டும் லேசாக உதறும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் அடங்கிவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியாது. வண்டிக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும், மீட்டரிலோ 60,000 கிலோமீட்டர்தான். இந்தக் கோலத்தில் ஒரு பிக்கப் கையில் இருந்தால், "அதிகம் ஓடாத இன்ஜின், புதுசு மாதிரிதான்" என்ற நினைப்பை முதலில் ஒதுக்கி வையுங்கள். பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் ஓடினால்தான் தேயும். ரப்பர் டியூப், கேஸ்கெட், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங், டாங்கில் கிடக்கும் பெட்ரோல் எல்லாம் சும்மா நின்றாலே கெட்டுப்போகும். அதனால் இந்த வண்டியில் தேட வேண்டியது தேய்மானத்தை அல்ல, வயதை.

இங்கே சொல்வது பெட்ரோல் இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு. டீசலுக்கும் கார்புரேட்டருக்கும் வழி வேறு.

கையில் இருக்க வேண்டியவை: ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவி; போனோடு இணைவதே போதும், ஆனால் நேரலை அளவுகளைக் காட்ட வேண்டும்), வேக்கம் கேஜ் (இன்ஜின் காற்றை இழுக்கும் வெற்றிடத்தை அளப்பது), மல்டிமீட்டர், பிளக் சாக்கெட், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்), தண்ணீர் ஸ்பிரே பாட்டில், டார்ச், டயருக்கு வைக்கக் கட்டைகள். உதிரி பாகம் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். பிளக், காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), சென்சார் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வெடித்த டியூப்பில் முடிவதுதான் இந்தக் கோளாறின் வழக்கமான கதை.

படி 1: உதறலின் தாளத்தைக் கேளுங்கள்

கருவி எதுவும் இல்லாமலே பாதி விடை இங்கே கிடைக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 600 முதல் 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுற்றுகள்) இருக்கும். 700 என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். ஆக, ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் (எரியாமல் விட்டால்) நிமிடத்துக்கு 350 தடவை, அதாவது நொடிக்கு ஆறு தடவைக்குச் சற்றுக் குறைவாக ஒரு குலுக்கல் வரும். இது மெதுவான தாளம். சீட்டில் உட்கார்ந்தாலே "தட்-தட்-தட்" என்று தனித்தனியாகத் தெரியும்.

எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக எரிந்தால் அதே 700-இல் நாலு சிலிண்டருக்கு நொடிக்கு சுமார் 23, வி6-க்கு 35, வி8-க்கு 47 துடிப்புகள். இந்த வேகத்தில் வருவது குலுக்கல் அல்ல, ரீங்காரம். கண்ணாடி நடுங்கும், டேஷ்போர்டு கிறுகிறுக்கும், ஆனால் எண்ண முடியாது. எண்ண முடியாத அதிர்வு என்றால் இன்ஜின் சரியாகத்தான் ஓடுகிறது, அதைத் தாங்கும் ரப்பர்தான் போய்விட்டது என்ற பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம். ஒழுங்கில்லாமல் எப்போதாவது ஒரு தடவை தூக்கிப்போட்டால், காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தில் தகராறு.

சைலன்சர் குழாயின் வாயருகே ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பாருங்கள். சீராகத் தள்ளினால் நல்லது. அவ்வப்போது ஒரு "புஸ்" விட்டுப்போனால் மிஸ்ஸிங். தாள் குழாயை நோக்கி உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

படி 2: எந்த நிலையில் உதறுகிறது?

ஆட்டோ கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலில் ஒரு நிமிடம், டிரைவில் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். ஏசியைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். டிரைவில் மட்டும் உதறி நியூட்ரலில் சுத்தமாக நின்றுவிட்டால் மவுண்டிங்குக்கோ, ஐடிலிங் வேகம் குறைவாக இருப்பதற்கோ வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரே மாதிரி உதறினால் மிஸ்ஸிங்கைத் தேடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மோசமாக இருந்து சூடானதும் குறைந்தால் காற்றுக் கசிவு. ரப்பரும் கேஸ்கெட்டும் சூட்டில் விரிந்து இடைவெளியை ஓரளவு அடைத்துவிடும். பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தடுமாறினால், டாங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அந்த வால்விலிருந்து டாங்க் பக்கம் போகும் டியூப்பைக் கழற்றி, ஐடிலிங்கில் வால்வு வாயில் விரலை வையுங்கள். தொடர்ந்து இழுத்தால் வால்வு போச்சு.

படி 3: ஸ்கேனர்

விளக்கு எரியவில்லை என்றாலும் செருகிப் பாருங்கள். கணினி ஒரு தடவை பார்த்த கோளாறை "பெண்டிங்" என்று குறித்து வைத்திருக்கும், விளக்கைப் போட்டிருக்காது. அமெரிக்கச் சந்தையின் இலகுரக வண்டிகளில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு வந்தவற்றில் இது வேலை செய்யும். திரையில் வரும் கோளாறு எண்ணைத்தான் கோடு (code) என்பார்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0171, பி0174 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

கோடு எதுவும் இல்லையென்றால் ஃபியூயல் டிரிம் அளவைத் திறங்கள். கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். ஷார்ட் டெர்ம் (அந்த நொடித் திருத்தம்), லாங் டெர்ம் (நாளடைவில் கற்ற திருத்தம்) இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை கழித்தல் 5-க்கும் கூட்டல் 5 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐடிலிங்கில் கூட்டல் 15 காட்டி, 2,500 ஆர்பிஎம்-இல் கூட்டல் 3-க்கு இறங்கினால் அது காற்றுக் கசிவின் கையெழுத்து. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியே வருவது பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே ஓட்டை பொருட்டே இல்லை. மாறாக, வேகம் கூடக்கூட டிரிம் ஏறினால் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள். கழித்தல் பக்கம் ஆழமாக இருந்தால் எங்கோ பெட்ரோல் கூடுதலாக நுழைகிறது: ஒழுகும் இன்ஜெக்டரோ, கிழிந்த பிரஷர் ரெகுலேட்டரோ, அந்தப் பர்ஜ் வால்வோ.

ஒரு எச்சரிக்கை. காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் இன்ஜினில் கசிவு இருந்தால் டிரிம் பெரிதாக மாறாது, ஐடிலிங் வேகம்தான் ஏறும்.

அதே திரையில் கூலன்ட் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் அது வெளிக்காற்றின் வெப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஓடியபின் 80 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடவில்லை என்றால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது. இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

படி 4: காற்றுக் கசிவு வேட்டை

குறைவாக ஓடிய பழைய வண்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இன்ஜினை அணைத்து, ஆறியபின் டார்ச்சோடு தொடங்குங்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு சிறு டியூப்பையும் விரலால் வளைத்துப் பாருங்கள். நல்ல ரப்பர் வளையும், கெட்டது நொறுங்கும் அல்லது வெடிப்பைக் காட்டும். வெடிப்பு பெரும்பாலும் கண்ணில் படுகிற நடுப்பகுதியில் இருக்காது. முனையில், குழாய் மீது செருகியிருக்கும் வளைவில் இருக்கும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் எரிய அனுப்பும் பிசிவி வால்வுக்குப் போகும் முழங்கை போன்ற ரப்பர், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் தடித்த டியூப், ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றைத் திறந்து மூடும் தட்டு) நடுவிலுள்ள மடிப்பு மடிப்பான குழாயின் அடிப்பக்கம் ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பல மாதம் நின்ற வண்டியில் எலி கடித்திருப்பதும் சகஜம்.

பிறகு வேக்கம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கடல் மட்டத்தில் முள் 17 முதல் 21 மெர்க்குரி அங்குலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். அசையாமல், ஆனால் தாழ்வாக நின்றால் கசிவு அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கல். தாளம் தவறாமல் ஒரே மாதிரி கீழே வெட்டினால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர். சோம்பலாக ஏறி இறங்கினால் கலவை.

கசிவின் இடத்தைப் பிடிக்கத் தண்ணீர் ஸ்பிரே போதும். மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்திலுள்ள கேஸ்கெட் ஓரமாகவும் டியூப் முனைகளிலும் மெல்லியதாகத் தெளியுங்கள். ஓட்டையைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். காயில், பிளக் ஒயர் மீது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், புதியவர்களுக்கு வேண்டாம். பூஸ்டர் டியூப்பை ஒரு துணி சுற்றி இடுக்கியால் நசுக்கிப் பாருங்கள். ஐடிலிங் சட்டென்று சரியானால் கசிவது பூஸ்டர். அப்படியானால் அது உதறல் பிரச்சினை அல்ல, பிரேக் பிரச்சினை. சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தால் போல்ட்டை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அலுமினியத்தில் மறை போய்விடும்.

படி 5: பிளக்

இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். முதலில் பிளக் குழியிலுள்ள தூசியைக் காற்றால் ஊதி வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக் ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையிலுள்ள ரப்பர் உறையைப் (பூட்) பிடித்து அரைச் சுற்றுத் திருப்பி உருவுங்கள்.

வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது வண்டி சூடேறும் முன்பே அணைக்கப்படும் குறுந்தூர ஓட்டம். குறைவாக ஓடிய வண்டியில் இது மிகவும் சாதாரணம். ஈரமாக எண்ணெய் இருந்தால் வால்வு சீலோ ரிங்கோ. வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போலக் கருப்புத் தடம் தெரிந்தால், ஸ்பார்க் நுனியில் தாவாமல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. அந்தப் பிளக்கோடு பூட் உறையையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய பூட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பானெட் ஸ்டிக்கர் அல்லது கையேட்டோடு ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் 1.0 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இரிடியம் பிளக்கின் நடு ஊசியை நெம்பினால் உடைந்துவிடும். திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏற வேண்டும், பிறகு கையேட்டிலுள்ள டார்க் (இறுக்க வேண்டிய அளவு) வரை இறுக்குங்கள்.

பிளக் ஒயர் உள்ள வண்டியை இருட்டில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஓடவிடுங்கள். நீலப்பொறி தாவுவது தெரிந்தால் விஷயம் முடிந்தது. பொறி தெரியும் ஒயரைக் கையால் தொடாதீர்கள், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது.

படி 6: எந்தச் சிலிண்டர் சோம்பேறி?

ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 நொடிக்கு மேல் வேண்டாம். நல்ல சிலிண்டரை அணைத்தால் இன்ஜின் தொய்யும். எதை அணைத்தும் மாற்றமே இல்லையோ அதுதான் குற்றவாளி. கணினி உடனே காற்றைக் கூட்டி வேகத்தை ஈடுகட்டிவிடும், அதனால் கழற்றிய முதல் நொடியில் விழும் ஆர்பிஎம்-ஐக் கவனியுங்கள். காயிலைக் கழற்றிச் சோதிப்பதைவிட இதுவே மேல். இன்ஜெக்டரை அணைத்தால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகாது. முடிந்ததும் பதிவான கோடுகளை அழித்துவிடுங்கள்.

இன்ஜெக்டர் கைக்கு எட்டாத இன்ஜினில், சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலை இன்னொன்றோடு மாற்றி மாட்டுங்கள். மிஸ்ஸிங் எண்ணிக்கை காயிலோடு இடம் மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக்கை, அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்டரை அதேபோல மாற்றிப் பாருங்கள். இன்ஜெக்டராக இருந்தால், நின்றுபோன பெட்ரோலின் பிசின் நுனியில் படிந்திருக்கக் கூடும். பழைய பெட்ரோலுக்கு வார்னிஷ் போன்ற புளித்த வாடை வரும். அதை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோலோடு பாலிஈத்தர் அமீன் கலந்த கிளீனரை ஒரு டாங்க் ஓட்டுங்கள். வடிக்காமல் கிளீனரை மட்டும் ஊற்றுவதில் பயன் குறைவு.

படி 7: த்ராட்டில் பாடி

தட்டின் ஓரத்தில் கருப்பு வளையம் இருந்தால் த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலைச் சாவி போட்ட நிலையில் விரலால் தள்ளக் கூடாது. தனி ஐடில் வால்வு இருந்தால் அதன் நுனியையும் துடையுங்கள். சுத்தம் செய்தபின் ஐடிலிங் சிறிது நேரம் ஏறியே நிற்கும். கணினி மறுபடி கற்றுக்கொள்ளும்வரை பதறாதீர்கள்.

படி 8: இன்ஜின் சுத்தம், ஆனாலும் உதறுகிறதா?

டயருக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் கால் பிரேக்கை முழுதாக அழுத்தியபடி டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அல்ல. இன்ஜின் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் துள்ளினால் மவுண்டிங் பிரிந்திருக்கிறது. திரவம் நிரப்பிய மவுண்டிங்கானால் அதன் அடியில் கருப்பு ஒழுகல் தெரியும். துள்ளாமலே ரப்பர் கல்லாக இறுகியிருப்பதும் உண்டு, அப்போதுதான் முதல் படியில் சொன்ன எண்ண முடியாத ரீங்காரம். திரவ மவுண்டிங்குக்குப் பதில் விலை குறைந்த திட ரப்பரைப் போட்டால் அதிர்வு முன்பைவிடக் கூடும்.

சைலன்சர் குழாய் சேசிஸைத் தொடுகிறதா என்றும் அடியில் பாருங்கள். தொட்ட இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். இன்னும் சந்தேகமானால் இன்ஜின் ஆறியிருக்கையில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்பும் அந்தப் பெல்ட்டில்தான் ஓடும் என்பதால் அதற்கு மேல் கூடாது. உதறல் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், ஃபேன் ஆகியவற்றில் ஒன்று.

ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப மாட்டி, பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றும் சரியென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது பிளக் குழியில் கேஜ் மாட்டிச் சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது. த்ராட்டிலை முழுதாகத் திறந்து, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அமுக்கு வரும்வரை சுற்றவிடுங்கள். மிகக் குறைந்தது மிக அதிகத்தின் 75 சதவீதத்துக்குக் கீழ் போனால், அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். நெடுநாள் நின்ற இன்ஜினில் ரிங் காடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே அளவுதான் வரும். அதனால் இன்ஜினைப் பிரிக்கும் முன் எண்ணெயை மாற்றி, சூடேற்றி, சில நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.