செயின் லோடர் கியர்பாக்ஸில் இரைச்சலா? முதலில் நியூட்ரலில் கேளுங்கள்

பழைய செயின் லோடரின் (டயருக்குப் பதில் செயினில் ஓடும் வாளி வண்டி) கியர்பாக்ஸில் இரைச்சல் கேட்டால், அதைக் கழற்ற கிரேன் சொல்வதற்கு முன், ஆயில் அளவைச் சரிபார்த்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வாளியைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, ஆயில் சூடேறிய பின் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ள வண்டிகளில் அப்போது கன்வெர்ட்டரும் ஆயில் பம்பும் சுழலும். சுழற்சியை இரு பக்கமும் திருப்பிவிடும் பெவல் கியரும், ஒவ்வொரு செயினையும் ஓட்டும் கடைசிக் கியர் தொகுதியான ஃபைனல் டிரைவும் அசையாது. ஆகவே, நிற்கும்போதே எழும் இரைச்சல் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் கோளாறு முன்பகுதியில்தான். அடைத்துப்போன ஆயில் சல்லடையையும் காற்று இழுக்கும் ஹோஸையும் முதலில் பாருங்கள். (வாளியைத் தூக்கும்போது மட்டும் கூடினால் அது ஹைட்ராலிக் பம்ப்; கியர்பாக்ஸைக் குறைசொல்ல வேண்டாம்.)

நகரும்போது மட்டும் கேட்டால், மெதுவாக நேரே ஓட்டியபடி ஸ்டீயரிங் கிளட்சை (ஒரு பக்கச் செயினுக்குப் போகும் இழுவையைத் துண்டிப்பது) ஒவ்வொரு பக்கமாகச் சற்று இழுங்கள். இழுத்த பக்கத்து ஃபைனல் டிரைவின் பளு நீங்குவதால், எந்தப் பக்கம் இழுக்கும்போது இரைச்சல் குறைகிறதோ அந்தப் பக்கத்தையே முதலில் சந்தேகிக்கலாம்.

மேலூர்ப் பக்கத்துக் குவாரிச் சரிவுகளில் இதைச் செய்யக் கூடாது. இறக்கத்தில் கிளட்சை விடுவித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். வற்றிய கண்மாயின் கெட்டித் தரை போதும். ஆயில் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாடிக் வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றில் ஒவ்வொரு செயினையும் தனி மோட்டார் ஓட்டுவதால், விடுவிக்கக் கிளட்சே இல்லை.