மழைக்கும் மார்கழிக்கும் வீட்டைச் சுருக்குவது எப்படி?

செட்டிநாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். மார்கழி இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் மனசு மந்தமாகிவிடுகிறது. முகப்பு, பட்டாலை என்கிற கூடம், நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அதற்குள் இருப்பதோ ஒருவரோ இருவரோ, அதுவும் வயதானவர்கள். பள்ளத்தூரில் நானும் என் ஆத்தாவும் அப்படித்தான் இருக்கிறோம். மூட்டம் போட்ட நாட்களில் ஆத்தாவின் பேச்சு குறையும். பகலில் படுத்துவிட்டு இரவில் விழித்திருப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மழைக்காலத்தில் வீடு முழுவதையும் கட்டிக் காக்க முயலாதீர்கள். தை பிறக்கும்வரை வீட்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் வருகிற ஓரிடத்தைத் தேர்ந்து, உங்கள் வாழ்க்கையை அங்கே கொண்டு வாருங்கள்.

எந்த இடம் என்பதைச் சூரியனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், பழக்கத்தைப் பார்த்து அல்ல. புரட்டாசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் உச்சிவேளையில்கூடக் காரைக்குடிப் பக்கம் அது தெற்கு வானத்தில் 56, 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வளவின் தெற்குத் தாழ்வாரம் நாள் முழுவதும் நிழலாகவே கிடக்கும். காலை வெயில் வடமேற்கு மூலையை நோக்கிச் சாயும், மதிய வெயில் வடக்குத் தாழ்வாரத்தில் விழும். மேகம் இல்லாத ஒரு நாளில் ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் வெயில் எதுவரை வருகிறது என்று தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடுகளுக்குள் ஒரு நாற்காலி, ஒரு சிறிய மேசை, காய் நறுக்கும் பலகை, செய்தித்தாள், மருந்துப் பெட்டி. பகலில் தேவைப்படுகிற எல்லாம் கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆத்தாவுக்குக் கிழக்கு அறையில் படுத்துத்தான் பழக்கம். மழைக்காலத்துக்கு மட்டும் கட்டிலை வடக்குப் பக்க அறைக்கு மாற்றினோம், வாசலில் வெளிச்சம் தெரிகிற மாதிரி.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும், இரவில் உறக்கமும் வரும். பகல் மிகவும் குறுகிவிடும் வடகோடி நாடுகளில் குளிர்கால மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். நமக்கு மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. மூட்டமான நாளில் திறந்த முற்றத்தில் கிடைக்கும் வெளிச்சம்கூட அறைக்குள் எரியும் டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். வானத்தையே வீட்டுக்குள் இறக்கிக் கட்டிய முன்னோர்களின் வீட்டில் இருந்துகொண்டு, கதவைச் சாத்தி இருட்டறையில் தொலைக்காட்சி பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சுருக்குவது என்றால் மற்ற அறைகளை அப்படியே பூட்டிவிடுவது அல்ல. மழை பிடிப்பதற்கு முன்பே, புரட்டாசி கடைசிக்குள், ஓடு மாற்றுபவரை வரவழைத்து உடைந்த ஓடுகளை மாற்றிவிடுங்கள். முற்றத்து வடிகாலில் சருகு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நடுஇரவில் எந்த அறையிலோ சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைப் போல மனசை அரிப்பது வேறில்லை. பூட்டப்போகும் அறைகளில் அலமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். காற்று போனால் பூஞ்சணம் குறையும். பட்டுப் புடவைகளுக்கு நடுவே வசம்பு. ஓலைக் கொட்டான்கள் ஈரத்தில் சீக்கிரம் பூத்துவிடும், அவற்றை அடுப்படிப் பக்கம் உயரத்தில் வையுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தெரிகிறதே என்று எமல்ஷன் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். வெயில் அடிக்கிற நாளில் இரண்டு அறைகளை மட்டும் திறந்து காற்றாட விட்டு, மாலைக்குள் மூடிவிடுங்கள். அடுத்த வெயிலுக்கு அடுத்த இரண்டு.

பொருட்களைக் கழித்துக் கட்டுங்கள், மனசு லேசாகும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பங்காளிகள் பலருக்கும் பாத்தியதை உள்ள வீட்டில் அந்த யோசனை செல்லாது. எனாமல் சட்டியானாலும் பர்மாப் பெட்டியானாலும் ஒருவர் தனியாக முடிவு செய்து தூக்கிப் போட முடியாது. கண்ணில் படாமல் ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும். இறந்தவர்களின் துணிமணி, கடிதம், புகைப்படம் இவற்றை மட்டும் மழை நாளில் பிரிக்க உட்காராதீர்கள். மனசு ஏற்கெனவே கனத்திருக்கும் நேரம் அது. வெயில் வரட்டும், கூட ஒரு ஆளும் இருக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஈரத்தில் சில்லென்று இருக்கும், வழுக்கவும் செய்யும். முற்றத்து ஓரத்தில் தேங்காய் நார் மிதியடியும், நடக்கிற வழியில் ஜமுக்காளமும் போட்டு, விளிம்பு மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயமே பல பெரியவர்களை அறைக்குள் அடைத்துவிடுகிறது. குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு உண்டு. சாம்பிராணி போட்டாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு ஒன்று எரிந்தால் உறக்கத்துக்கு நல்லது.

முகப்பில் வருகிறவர்களுக்கு என்று ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கட்டும். துணி, செய்தித்தாள் எதுவும் அதில் ஏறக்கூடாது. உட்கார இடம் இருந்தால்தான் எதிர்வீட்டு ஆச்சி நின்றபடியே பேசிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து பேசுவார். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது. இழை எடுத்துக்கொள்ள, அதாவது மாவில் நூல் திரி வைத்து ஏற்றி வாயில் போட்டுக்கொள்ளும் அந்த நோன்புச் சடங்குக்கு, தனியாக இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடலாம். உங்கள் வளவைச் சுத்தம் செய்து நீங்களே அழையுங்கள். அந்த வேலைக்காக ஒரு வாரம் நடமாட்டம் இருக்கும், பிள்ளைகளிடம் போனில் சொல்லவும் செய்தி இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டு ஏற்பாடு அதற்கு ஈடாகாது. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

போகிக்கு முந்தைய வாரம் வெயில் நிலைத்துவிட்டால் அறைகளைத் திருப்பித் திறக்கலாம். முதலில் இரண்டாம் கட்டு, பிறகு பட்டாலை. பாயும் மெத்தையும் முற்றத்து வெயிலில், பட்டுப் புடவை நிழலில். மாடி அறைகளைக் கடைசியாக, உதவிக்கு ஆள் வரும் நாளில் திறந்தால் போதும்.