ஓநாய்மனித வழக்கு ஏட்டை வாசிப்பது எப்படி

ஓநாயாக மாறிக் கொலை செய்தார் என்று ஒருவர் மேல் தொடுத்த பழைய ஐரோப்பிய வழக்கு, அதாவது ஓநாய்மனித வழக்கு, எதை எடுத்தாலும், கையில் இருப்பது என்ன வகைத் தாள் என்று முதலில் பாருங்கள். எழுத்தர் எழுதிய விசாரணை ஏடு, தீர்ப்பின் நகல், விற்பனைக்கு அச்சான துண்டுப்பிரசுரம், பேயியல் அறிஞர் பின்னாளில் எழுதிய நூல் ஆகிய நான்குக்கும் ஒரே எடை கிடையாது.

ஜெர்மனியில் கொலோன் அருகே பெட்பர்கில் 1589 அக்டோபர் 31 அன்று ஓநாய்மனிதன் என்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பேட்டர் ஸ்டும்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய விசாரணை ஏடு கிடைக்கவில்லை. விரிவான கதை முழுவதும் 1590-இல் லண்டனில் அச்சான பிரசுரத்திலிருந்து வருகிறது. அதுவும் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்தது. அவர் கொன்றது 13 குழந்தைகள், 2 கர்ப்பிணிகள் என்பது அந்தப் பிரசுரத்தின் கணக்கு. நீதிமன்றம் நிறுவிய கணக்காக அதை எழுதாதீர்கள்.

அடுத்து, தாளில் நான்கு பத்திகள் கோடிடுங்கள்: கூற்று, சொன்னவர், கேட்டதற்கு விடையா தானாகச் சொன்னதா, சித்திரவதைக்கு முன்னா பின்னா. ஸ்டும்ப்பின் இடுப்புவாரை இதில் இட்டுப் பாருங்கள். பிசாசு கொடுத்த வாரைக் கட்டினால் ஓநாய் ஆகலாம் என்று அவர் சொன்னதாகப் பிரசுரம் கூறுகிறது. சித்திரவதைக்கு அஞ்சியே ஒப்புக்கொண்டார் என்றும் அதே பிரசுரம் சொல்லிவிடுகிறது. அவர் வாரை எறிந்த பள்ளத்தாக்கில் ஆள் விட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிசாசே எடுத்துக்கொண்டது என்று விளக்கம் எழுதினார்கள். சான்று இல்லாததையே சான்றாக்கும் இப்படிப்பட்ட இடங்களில் அடிக்கோடிடுங்கள்.

கோடிட்ட தாளின் மூன்றாவது பத்திதான், அதாவது விடையா தானாகச் சொன்னதா என்பதுதான், கடினம். ஜெர்மன் நாடுகளை ஆண்ட புனித ரோமப் பேரரசின் 1532-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டமான 'கரோலினா', குற்றத்தின் விவரங்களைக் கைதிக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றது. நடைமுறையில் கேள்விக்குள்ளேயே விடை இருக்கும். அதனால் இரண்டு ஊர்களின் வாக்குமூலங்கள் ஒத்துப்போனால், அது மக்களின் பொது நம்பிக்கை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். கேள்விப்பட்டியல் ஒன்றாக இருந்திருக்கலாம்.

கேள்வியோடு மோதும் விடைதான் பொன். லிவோனியாவின் (இன்றைய லாட்வியாவில் உள்ள) யூர்கன்ஸ்பர்கில் 1691-இல் விசாரிக்கப்பட்ட தீஸ் என்ற முதியவர் இதற்குச் சிறந்த பாடம். பிசாசோடு உடன்படிக்கை உண்டா என்று நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர் அசையவில்லை. ஓநாய்மனிதர்கள் கடவுளின் நாய்கள், ஆண்டுக்கு மூன்று இரவு நரகத்துக்குள் போய் சூனியக்காரர்கள் திருடிய விளைச்சலை மீட்டு வருகிறார்கள் என்கிறார். நீதிபதிகள் எதிர்பார்த்த அச்சில் இது பொருந்தவே இல்லை; ஆகவே அவர்கள் ஊட்டியதாக இருக்க முடியாது. கசையடியும் நாடுகடத்தலும் தண்டனை. ஒரே எச்சரிக்கை: அவர் பேசியது லாட்விய மொழி, ஏடு இருப்பது ஜெர்மனில். அதனால் தனிச் சொற்களின் மேல் பெரிய வாதம் கட்ட வேண்டாம்.

தேதியிலும் சறுக்கல் உண்டு. அப்போது பிரான்சுக்கு வெளியே, அதன் எல்லையை ஒட்டியிருந்த தோல் (Dole) நகரில், ஓநாய்மனிதன் என்று ஜில் கார்னியேவை எரிக்கச் சொன்ன தீர்ப்பு 1573 ஜனவரி 18 என்று தேதியிட்டது. குற்றங்களோ 1573 இலையுதிர் காலத்தில் நடந்தவை. அங்கே அப்போது புத்தாண்டு ஈஸ்டரில் பிறந்தது; அதனால் ஜனவரி பழைய ஆண்டிலேயே சேர்ந்தது. நம் கணக்கில் அது 1574.

பௌர்ணமியையும் வெள்ளிக் குண்டையும் சினிமாவுக்கே விட்டுவிடுங்கள். வழக்குகளில் அடிக்கடி வருபவை களிம்பு, தோல், இடுப்புவார். எழுத்தர் சுருக்கிய வாக்குமூலத்தை வைத்து இன்று நோய்க்குப் பெயர் சூட்டுவதும் வேண்டாம். மனநிலைக் கேள்வியை அக்கால நீதிபதிகளே எழுப்பினார்கள். அதைத் தேடிப் படியுங்கள். 1598-இல் ஆன்ஜேயில் மரண தண்டனை பெற்ற ஜாக் ரூலேயை, பாரிஸ் மேல்மன்றம் இரண்டு ஆண்டு மருத்துவமனைக் காவலுக்கு அனுப்பியது. 1603-இல் போர்தோ மன்றம் சிறுவன் ஜான் கிரெனியேவை ஆயுள் முழுவதும் மடத்தில் அடைத்தது. உயர்மன்றம் என்றாலே இரக்கம் என்று பொதுமைப்படுத்தவும் முடியாது. கார்னியேவை எரித்தது தோல் நகரின் உயர்மன்றமே. கீழ்மன்றத் தாள் மட்டும் கிடைத்தால், 'மரண தண்டனை விதிக்கப்பட்டது' என்பதோடு நிறுத்துங்கள். 'எரிக்கப்பட்டார்' என்று எழுதாதீர்கள்.