கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இரும்புக் கொட்டகை கட்டுவோர் காற்றுக்குச் செய்யவேண்டிய ஏற்பாடுகள்

மாம்பழக் கூழ் ஆலை, பழ மண்டி, கிரானைட் அறுக்கும் பட்டறை என்று கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் எழும்பும் கொட்டகைகளில் பல இரும்புத் தூண், ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்), கூரைத் தகடு ஆகியவற்றால் ஆனவை. கட்டச் சொல்பவர் ஃபேப்ரிகேட்டரிடம் (இரும்பை வெட்டி இணைத்துக் கட்டித் தருபவரிடம்) முதலில் கேட்பது, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான். இத்தகைய கொட்டகைக்கு அது இரண்டாம் கேள்வி. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வீசும் சூறைக்காற்று கூரையை மேலே தூக்கும்போது எது அதைக் கீழே பிடித்துவைக்கும் என்பதே முதல் கேள்வி.

கணக்கு எளியது. அரை மில்லிமீட்டர் கூரைத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை இருக்கும். தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினையும் ட்ரஸையும் சேர்த்தாலும் சாதாரணக் கொட்டகையில் 20 கிலோவைத் தாண்டுவது அரிது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில், நாட்டிலேயே மிகக் குறைந்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். பெங்களூருக்கு அந்த எண்ணே உள்ளது. கோயம்புத்தூருக்கு 39, சென்னைக்கு 50. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். 33 மீட்டருக்கு அது 653 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 66 கிலோ. கூரையின் மொத்த எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் அதை மேல்நோக்கி இழுக்கக்கூடிய காற்று, குறைந்த வேகப் பகுதியிலேயே இருக்கிறது.

ஆகையால் வரைபடம் கைக்கு வந்ததும், எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டீர்கள் என்று பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதோடு இரண்டு செய்திகளை நீங்களே அவருக்குச் சொல்ல வேண்டும். ஒன்று, இடம் குன்றின் சரிவிலோ உச்சியிலோ இருக்கிறதா என்பது. மூன்று பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏறும் காற்றின் வேகத்தை 1.36 மடங்கு வரை உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்கிறது அந்தத் தரநூல். அழுத்தமோ வேகத்தின் வர்க்கம் என்பதால் அது ஏறத்தாழ 1.85 மடங்காகிவிடும். பாறைக் குன்றுகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதை யாரும் விசாரிக்காமல் விடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இன்னொன்று, லாரி நுழையும் பெரிய வாயில் எத்திசையில் திறந்திருக்கும் என்பது. சுவர்ப் பரப்பில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகத் திறப்பு இருந்தால் உள் அழுத்தக் கெழு (காற்றழுத்தத்தில் எத்தனை பங்கு உள்ளிருந்து தள்ளும் என்ற எண்) 0.2, இருபது விழுக்காட்டைத் தாண்டினால் 0.7. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ள, வெளிக்காற்று மேலிருந்து இழுக்க, இரண்டும் கூடிவிடும். கணக்கில் மூடிய கொட்டகையாக எழுதிவிட்டு, பிறகு ஒரு பக்கச் சுவரை எடுத்துவிடுவது ஆபத்தானது.

அடுத்தது அடித்தளம். இதில்தான் இப்பகுதிக்கே உரிய ஒரு தவறு நடக்கிறது. குழி தோண்டும்போது இரண்டடியில் பாறை வந்துவிட்டால், இதற்குமேல் என்ன வேண்டும் என்று அங்கேயே நிறுத்திக் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். கீழே அழுத்தும் பாரத்துக்குப் பாறையைவிட நல்ல தளம் இல்லைதான். மேலே தூக்கும் விசைக்கோ கான்கிரீட்டின் எடையும் அதன்மேல் உள்ள மண்ணின் எடையுமே துணை. குழி ஆழம் குறைந்தால் இரண்டும் குறைகின்றன. 15 மீட்டர் அகலமும் தூண்களுக்கிடையே 6 மீட்டர் இடைவெளியும் உள்ள கொட்டகையில் ஒரு தூணின் பங்கு 45 சதுர மீட்டர் கூரை. இரும்புக் கட்டுமானத் தரநூலான ஐ.எஸ். 800:2007 முறைப்படி, பாதுகாப்புக்காகக் காற்றை 1.5ஆல் பெருக்கி, தாங்கிப் பிடிக்கும் எடையை 0.9ஆகக் குறைத்தால், மேற்சொன்ன 66 கிலோவுக்கே தூண் ஒன்றுக்கு 3.7 டன் அளவுக்குத் தூக்குவிசை வருகிறது. அதைக் கான்கிரீட் மட்டுமே தாங்குவதானால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் நான்கடி கொண்ட கட்டி தேவை. ஒரு கோடைக் காற்றுக்குப் பிறகு, மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிப் போட்டதுபோல, தூணோடு கான்கிரீட்டும் வெளியே வந்து கிடந்த கொட்டகையை நான் பார்த்திருக்கிறேன். தூணுக்கு ஒரு வளைவுகூட இல்லை. பாறை வந்தால் அதில் துளையிட்டு, கம்பிகளை இறக்கி, கிரௌட் (இறுகிப் பிடிக்கும் சிமெண்ட் கூழ்) ஊற்றி, பாறையோடு அடித்தளத்தைப் பிணைக்க வேண்டும். துளையின் ஆழத்தையும் கம்பியின் எண்ணிக்கையையும் பொறியாளர் எழுதித் தரட்டும். துளையிடும் கம்ப்ரஸர்காரர்கள் குவாரி வேலையால் இங்கே எளிதில் கிடைப்பார்கள்.

ட்ரஸின் கீழ் உறுப்பைத் தனியே பாருங்கள். பாரம் கீழே அழுத்தும்போது அது இழுபடும் உறுப்பு என்பதால் மெல்லிய ஆங்கிள் (L வடிவ இரும்பு) போதும் என்று தோன்றும். காற்று தூக்கும்போது அதே உறுப்பு அமுக்கத்துக்கு உள்ளாகிப் பக்கவாட்டில் நெளியும். ஆகவே ஒரு ட்ரஸின் கீழ் உறுப்பை அடுத்த ட்ரஸோடு இணைக்கும் குறுக்குக் கட்டுகள் வரைபடத்தில் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் நீக்கப்படுபவை அவையே.

இரும்பு வாங்கும்போது, கட்டுமான இரும்புக்கான ஐ.எஸ். 2062 தரச் சான்றையும், அதிலுள்ள ஹீட் எண் (ஆலையில் ஒரே உருக்கில் வார்த்த இரும்புக்கு இடும் எண்) உருப்படியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்கவும். சான்றில் தரம் ஈ250 என்றால் 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நெகிழத் தொடங்கும் இரும்பு என்று பொருள். எடைமேடையே எளிய சோதனை: 50க்கு 50க்கு 6 மில்லிமீட்டர் ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ என்பதால், ஆறு மீட்டர் நீளம் 27 கிலோ இருக்க வேண்டும். சிறிது ஏறுவதும் இறங்குவதும் ஆலை வழக்கம். 22 கிலோ என்றால் தடிமன் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

வெல்டிங்கில் அளவைக் கேட்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் வரையிலான தகட்டுக்கு ஃபில்லட் வெல்டின் (இரு உறுப்புகள் சேரும் மூலையில் இடும் முக்கோண வெல்டின்) குறைந்த அளவு 3 மில்லிமீட்டர். அதற்குமேல் இருபது வரை 5. வலிமையைத் தருவது அதன் கழுத்து, அதாவது மூலையிலிருந்து வெளிமுகம் வரையிலான குறுகிய தடிமன்; அது பக்க அளவில் 0.7 பங்குதான். போல்ட்டுக்குத் துளையைக் கேஸ் கட்டரால் ஊதவிடாமல் டிரில் செய்யச் சொல்லவும். 16 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டர் துளை.

நிறுத்தும் நாளில், பிரேசிங் (சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கட்டு) உள்ள இரண்டு தூண் வரிசைகளை முதலில் எழுப்பி முடுக்கிய பிறகே மற்றவற்றை ஏற்ற வேண்டும். அதுவரை ட்ரஸ்கள் கயிறு கட்டி நிற்கட்டும். மாலையில் மேகம் கறுத்தால் தகடு ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். தகடு பதிக்கும்போது கூரையின் ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில் ஸ்க்ரூக்களை நெருக்கமாக அடிக்கச் சொல்லவும், ஏனெனில் காற்றின் உறிஞ்சல் அங்கேதான் மிகுதி. நடுக்கூரைக்கும் ஓரத்துக்குமான இடைவெளிகளை வரைபடத்தில் தனித்தனியாகக் குறித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே தகட்டுக்கான கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.