தலைவரின் மேடைப் பேச்சைப் பிரித்துப் படிப்பது எப்படி

வெட்டி ஒட்டிய காணொளி இதற்கு உதவாது. பேச்சின் முழு எழுத்து வடிவம் வேண்டும். காட்சியை முதலில் பார்த்துவிட்டால் கைதட்டலும் பின்னணி இசையும் காதில் தங்கிவிடும், தாளில் படிக்கும்போதும் அந்த ஆரவாரத்தோடுதான் படிப்பீர்கள். அச்செடுத்து இரண்டு வண்ணப் பென்சில்களோடு உட்காருங்கள்.

முதல் வண்ணம் 'நாம்' என்ற சொல்லுக்கு. வேலையில் பாதி இதுதான். "நாம் சாலை போட்டோம்" என்றால் அரசாங்கம். "நாம் ரத்தம் சிந்தினோம்" என்றால் என்றோ செத்துப்போன முன்னோர். "நாம் பொறுத்தது போதும்" என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர். மூன்று பேரையும் ஒரே சொல் சேர்த்துத் தைத்துவிடுகிறது. தமிழில் நமக்கொரு வசதி உண்டு: கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். வேற்றுமொழிப் பேச்சானால் ஒவ்வோர் இடத்திலும் எது பொருந்தும் என்று ஓரத்தில் எழுதுங்கள். 'நாங்கள்' வரவேண்டிய இடத்தில் 'நாம்' நின்றால், அங்கேதான் தையல்.

'நாம்', 'அவர்கள்' என்று பிரிய உண்மையான பகைகூடத் தேவையில்லை. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் எழுதிய சோதனையில், 14, 15 வயதுப் பையன்களிடம் அவர்களுக்குப் பிடித்த ஓவியரை வைத்து இரு அணியாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். பணம் பங்கிடச் சொன்னதும், தன் அணிக்கு வருவது குறைந்தாலும் சரி, அடுத்த அணியைவிட அதிகமாக இருக்கட்டும் என்ற போக்கே மேலோங்கியது.

இரண்டாம் வண்ணம் ஆண்டுகளுக்கு. பேச்சு எந்த ஆண்டிலிருந்து வரலாற்றைத் தொடங்குகிறது? 1989 ஜூன் 28 அன்று கொசோவோவின் காசிமெஸ்தானில் செர்பியத் தலைவர் மிலோஷெவிச், செர்பியர்கள் ஒட்டோமான் படையோடு மோதிய 1389ஆம் ஆண்டுப் போரிலிருந்து தொடங்கினார். 600 ஆண்டுக்குப் பிறகும் போராட்டத்தில்தான் இருக்கிறோம், அவை ஆயுதப் போர்கள் அல்ல, ஆனால் அதுவும் வராது என்பதற்கில்லை என்ற பொருளில் பேசினார். அடுத்து, பேச்சு நடந்த தேதிக்கு முந்தைய ஆறு மாதச் செய்திகளைத் தேடுங்கள். அவ்வாண்டு மார்ச்சில்தான், செர்பியாவுக்குள் இருந்த கொசோவோவின் தன்னாட்சி வெட்டிக் குறைக்கப்பட்டிருந்தது. பழங்கதை எதற்கு வேலைசெய்கிறது என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

மூன்று முறைக்குமேல் அதே சொற்களில் திரும்பும் வாக்கியத்துக்குத் தனியாக ஆதாரம் தேடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டது எளிதாகப் புரிகிறது, அந்த எளிமையை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. மனிதருக்குப் பூச்சியின் பெயர் வந்தால் எண்ணிக்கை வேண்டாம், ஒரு முறை போதும். 1993 ஜூலையில் தொடங்கிய ருவாண்டாவின் ஆர்டிஎல்எம் வானொலி அந்நாட்டின் சிறுபான்மை இனத்தவரான துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. துட்சிகளின் படுகொலை தொடங்கியது 1994 ஏப்ரலில்.

கூட்டத்தையும் பாருங்கள். 1943 பிப்ரவரி 18 அன்று பெர்லினில் நாஜி பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸ் பத்துக் கேள்விகள் கேட்டார், அரங்கமே ஆமாம் என்று முழங்கியது. அரங்கில் இருந்தவர்கள் பொறுக்கி எடுத்து உட்கார வைக்கப்பட்டவர்கள்.

பலரும் சறுக்குவது ஆள் தேர்வில். பிடிக்காத தலைவரை எடுத்தால் கண்ணில் பட்டதெல்லாம் தந்திரமாகவே தெரியும். நீங்கள் வாக்களித்தவரின் பேச்சில் தொடங்குங்கள். பென்சில் எங்கே தயங்குகிறதோ அந்த வரியை மறுபடி படியுங்கள்.